போலிரோ பிக்கப்பில் இழுவை இல்லை, ஆயிலும் குறைகிறது: டர்போவை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். 2009 மாடல் மஹிந்திரா போலிரோ பிக்கப், 2523 சிசி டிஐ இன்ஜின், கணினி எதுவும் இல்லாத மெக்கானிக்கல் பம்ப். சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்கு உரமும் சிமென்ட்டும் ஏற்றிப் போய், திரும்பும்போது முட்டைக்கோஸ், தக்காளி ஏற்றி வருகிற வண்டி. கொஞ்ச நாளாகத் திம்பம் ஏற்றத்தில் இழுவை இல்லை. மூன்றாவது கியரில் போன இடங்களில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. மிதித்தால் கரும்புகை. இன்ஜின் ஆயில் குறைகிறது. மெக்கானிக் டர்போவுக்குப் (இன்ஜின் புகையால் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் சாமான்) போகும் ஹோஸைக் கழற்றி, உள்ளே ஆயில் படிந்திருப்பதைக் காட்டி, "டர்போ போச்சு, புதுசு போடணும்" என்கிறார். போடலாமா?

இப்போதைக்குப் போடாதீர்கள். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஹோஸில் ஆயில் இருப்பது மட்டும் அதற்குச் சாட்சி இல்லை. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய எந்த டீசல் வண்டியின் ஹோஸைக் கழற்றினாலும் உள்ளே ஒரு எண்ணெய்ப் பசை இருக்கும். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் புகார்கள். ஒன்று காற்று சம்பந்தப்பட்டது, இழுவையும் கரும்புகையும். இன்னொன்று ஆயில். இரண்டுக்கும் டர்போவே காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் டர்போவுக்குச் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில், வேறு எதையாவது டர்போ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமா என்று பார்த்துவிடுவோம். ஏற்றத்தில் மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி அதற்கேற்ப ஏறவில்லை என்றால் அது கிளட்ச். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் டிரம், டிஸ்க் பக்கம் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவை இரண்டும் இல்லை என்றால் மேலே போகலாம்.

புகையின் நிறம்தான் முதல் தடயம். இழுவை இல்லை, கூடவே கரும்புகை வருகிறது என்றால் டீசல் போகிறது, அதை எரிக்கப் போதுமான காற்று போகவில்லை என்று பொருள். இழுவை இல்லை, புகையும் இல்லை என்றால் கதை வேறு: டீசலே போதுமான அளவு போகவில்லை. டீசல் ஃபில்டர் அடைப்பு, லைனில் ஏர் எடுப்பது, பம்ப் தேய்மானம் என்று தேட வேண்டும். டர்போ உள்ள பல மெக்கானிக்கல் பம்புகளின் மேல் ஒரு டயஃப்ரம் இருக்கும். இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் அதற்கு வரும். டர்போ அழுத்தம் ஏற ஏற, டீசலையும் கூட்டு என்று பம்புக்குச் சொல்வது அந்த ஹோஸ்தான். அது விரிசல் விட்டாலோ டயஃப்ரம் கிழிந்தாலோ டர்போ நன்றாக வேலை செய்தும் வண்டி இழுக்காது, புகையும் வராது. சின்ன ரப்பர் துண்டுக்காக டர்போவை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குக் கரும்புகை வருவதால் அது முதல் சந்தேகம் இல்லை. இருந்தாலும் பானெட்டைத் திறக்கும்போது அந்த ஹோஸையும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

கரும்புகை என்றதும் ஒன்று கேட்க வேண்டும். இழுவை குறைந்த பிறகு யாராவது பம்பில் டீசலை ஏற்றிவிட்டார்களா? நம் ஊரில் இது சர்வசாதாரணம். வண்டி இழுக்கவில்லை என்றதும் பம்பின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகிவிடுவார்கள். அன்றைக்கு நன்றாக இழுக்கிற மாதிரி இருக்கும். ஆனால் காற்று குறைவாக இருக்கும் இடத்தில் டீசலைக் கூட்டினால் புகையும் சூடும்தான் கூடும். மலை ஏற்றத்தில் அந்தச் சூடு நேரே டர்போவின் டர்பைன் (புகை சுழற்றும் சக்கரம்) பக்கம் போய் இறங்கும். ஏற்றியிருந்தால் மற்றதைச் சரிசெய்த பிறகு பம்பைக் கழற்றி, டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். காதால் கேட்டுத் திருகுவது கதைக்கு ஆகாது.

இனி காற்று போகும் வழி. ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். தாளவாடிப் பக்கம் மண் ரோட்டில் தோட்டம் வரைக்கும் போகிற வண்டிக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. தட்டித் தட்டிப் போட்ட ஃபில்டரை நம்பாதீர்கள். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள். இதில் இழுவை மட்டும் இல்லை, ஆயில் விஷயமும் இருக்கிறது. ஃபில்டர் அடைத்தால் டர்போவின் வாயில் வெற்றிடம் உண்டாகும். டர்போவின் உள்ளே இருக்கும் சீல் நாம் நினைப்பதுபோல் ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன இரும்பு ரிங். இரண்டு பக்கமும் அழுத்தம் சரியாக இருந்தால்தான் அது ஆயிலைத் தடுக்கும். முன்னால் உறிஞ்சினால் நல்ல டர்போ கூட ஆயிலைக் கக்கும். உங்கள் இரண்டு புகாருக்கும் ஒரே காரணம் ஃபில்டராக இருக்கிற வாய்ப்பும் உண்டு. ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காருகிறதா, டர்போ வரை வரும் ரப்பர் பைப்பின் அடிப்பக்கம் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிழிந்திருந்தால் தூசி நேராக உள்ளே போகும்.

டர்போவுக்கு அப்புறம் இன்ஜின் வரை போகும் வழியில்தான் பெரும்பாலான இழுவைப் பிரச்சினைகள் ஒளிந்திருக்கின்றன. ஹோஸ்கள், கிளிப்கள், இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) உள்ள மாடல் என்றால் அதன் இரண்டு பக்க மூடிகள். இந்த இடத்தில் டர்போ அழுத்தம் ஏறும்போதுதான் ஓட்டை வாய் திறக்கும். ஐட்லிங்கில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். மிதிக்கும்போது "புஸ்ஸ்" என்று காற்றுச் சீறல் கேட்டால் இதுதான். ஹோஸ் மூட்டில் எண்ணெய் ஈரமும் அதன்மேல் தூசியும் ஒட்டி ஒரு கறுப்பு வளையம் இருந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. ஹோஸைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும், உள் அடுக்கு உரிந்து தொங்கிக்கொண்டு வழியை மறைக்கும். ஆயில் ஊறிய பழைய ரப்பர் ஹோஸில் இது நிறையவே நடக்கும்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் காற்றழுத்தச் சோதனை. டர்போவின் காற்று வாயை, நடுவில் டயர் வால்வு பொருத்திய ஒரு மூடியால் அடைத்து, ரெகுலேட்டர் வைத்து 10 முதல் 15 பிஎஸ்ஐ மட்டும் காற்று கொடுத்து, எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு நுரைத்துக் காட்டிவிடும். ரெகுலேட்டர் இல்லாமல் கம்ப்ரஸர் காற்றை நேராகக் கொடுத்தால் ஹோஸ் தெறிக்கும். வால்வு திறந்திருக்கும் சிலிண்டர் வழியாகக் கொஞ்சம் காற்று போய்க்கொண்டேதான் இருக்கும், அதைக் கசிவு என்று எண்ண வேண்டாம். நல்ல பட்டறையில் இது அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் டர்போவைக் குறை சொல்பவரிடம் நான் பணம் கொடுக்க மாட்டேன்.

புகை போகும் பக்கமும் அவ்வளவே முக்கியம். டர்போவைச் சுழற்றுவது சிலிண்டரிலிருந்து வரும் சூடான புகை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் விரிசல் விட்டாலோ கேஸ்கட் ஊதினாலோ அந்தப் புகை டர்போவைச் சேரும் முன்பே வெளியே போய்விடும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று ஒரு சத்தம், மூட்டில் கரிக்கோடு. இரும்பு சூடாகி விரிந்ததும் சத்தம் அடங்கிவிடும், அதனால் பட்டறைக்குப் போகும்போது கேட்காது. சைலன்சர் உள்ளே தகடு உடைந்து அடைத்துக்கொண்டாலும் டர்போ சுழலாது.

டர்போவின் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவும் அதிலிருந்து ஒரு கம்பியும் இருந்தால் அது ஆக்சுவேட்டர். அழுத்தம் அளவுக்கு மேல் போனால் வேஸ்ட்கேட்டைத் திறந்து புகையைத் திருப்பிவிடுவது அதன் வேலை. வேஸ்ட்கேட் கரி பிடித்துத் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் அழுத்தம் ஏறாது. அதற்குப் போகும் ஹோஸ் அறுந்தால் நேர் எதிர்: திறக்கவே திறக்காது, அழுத்தம் தாறுமாறாக ஏறும். அப்போது வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கும், ஓட்டுநர் சந்தோஷப்படுவார், ஹெட் கேஸ்கட்டுக்குத்தான் கேடு. ஆக்சுவேட்டருக்குக் கைப்பம்பால் மெதுவாகக் காற்று கொடுத்துப் பாருங்கள். கம்பி நகர வேண்டும், காற்றை நிறுத்திப் பிடித்தால் அப்படியே நிற்க வேண்டும். டயர் கடைக் காற்றை வைத்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்துவிடும்.

இவ்வளவு பார்ப்பதற்குப் பதிலாக, அல்லது இதோடு சேர்த்து, ஒரு பூஸ்ட் மீட்டரை மாட்டிவிட்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும். பம்பின் டயஃப்ரத்துக்குப் போகும் அந்தச் சின்ன ஹோஸில் ஒரு டி மூட்டு வைத்து, 0 முதல் 2 பார் வரை காட்டும் சாதாரண மீட்டரை மாட்டி, அதைக் கேபினுக்குள் கொண்டுவாருங்கள். பட்டறை வாசலில் நியூட்ரலில் ரேஸ் கொடுத்துப் பார்த்து "அழுத்தமே இல்லை" என்று சொல்வது தப்பு. சுமை இல்லாமல் எந்த டர்போவும் பெரிதாக அழுத்தம் காட்டாது. லோடோடு, பண்ணாரி தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில், மூன்றாவது கியரில், முழுசாக மிதித்துப் பார்க்க வேண்டும். மீட்டரைப் பக்கத்தில் உட்காருபவர் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். 27 கொண்டை ஊசி வளைவு உள்ள ரோடு அது. இந்த வகை இன்ஜின்களில் முழுச் சுமையில் 1 பாருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே எதிர்பார்க்கலாம். உங்கள் மாடலின் சரியான அளவை சர்வீஸ் மேனுவலில் சரிபாருங்கள். மீட்டர் அந்த அளவைத் தொடுகிறது, ஆனாலும் கரும்புகை வருகிறது என்றால் டர்போவை மறந்துவிட்டு டீசல் தெளிக்கும் நாசிலையும் பம்ப் டைமிங்கையும் பாருங்கள். 0.3, 0.4 என்று நின்றுவிட்டால் கசிவு, வேஸ்ட்கேட், எக்ஸாஸ்ட், கடைசியாக டர்போ.

இப்போது ஆயில். அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. டர்போவுக்கு முன்னால் இருக்கும் பைப், பின்னால் இருக்கும் ஹோஸ் இரண்டையும் கழற்றி டீசலால் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். இரண்டு மூன்று டிரிப் போய்வந்து மறுபடி கழற்றுங்கள். முன்பக்கப் பைப்பிலேயே, பிரீதர் ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் குழாய்) வந்து சேரும் இடத்திலிருந்தே ஈரம் தொடங்கியிருந்தால், ஆயில் டர்போவிலிருந்து வரவில்லை. இன்ஜினிலிருந்து பிரீதர் வழியாக வருகிறது. அதாவது பேக் கம்ப்ரஷன்: ரிங் தேய்ந்து சிலிண்டர் அழுத்தம் கீழே இன்ஜினுக்குள் கசிகிறது. முன்பக்கம் காய்ந்து, டர்போவைத் தாண்டி மட்டும் ஆயில் தேங்கியிருந்தால்தான் டர்போமேல் சந்தேகம் வலுக்கும்.

பேக் கம்ப்ரஷன் இருக்கிறதா என்று பார்க்க, சூடான இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே ஓட்டைமேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் இந்த வயசுக்குச் சரிதான். தூக்கி எறிந்து, உள்ளிருந்து புகையும் குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. இது தோராயமான சோதனைதான், கம்ப்ரஷன் டெஸ்ட் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இதை டர்போ விஷயத்தில் ஏன் இழுக்கிறேன் என்றால், டர்போவுக்குள் போன ஆயில் பம்பால் திரும்பி வருவதில்லை, கீழ்ப்பைப் வழியாகத் தானாக வடிந்து சம்புக்கு (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்குகிறது. சம்பில் அழுத்தம் கூடினால் அந்த ஆயில் இறங்க முடியாமல் டர்போவிலேயே தேங்கி இரண்டு பக்கமும் கசியும். வடிகுழாய் கரி பிடித்துச் சுருங்கினாலும், கேஸ்கட் தப்பாக வெட்டி ஓட்டையைப் பாதி மூடினாலும், டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றினாலும் இதே கதைதான். இப்படி இருக்கும் இன்ஜினில் எத்தனை புது டர்போ போட்டாலும் அத்தனையும் ஆயில் அடிக்கும்.

எல்லாம் பார்த்தபின் டர்போவையே பார்ப்போம். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பின், முன்பக்கப் பைப்பைக் கழற்றி டார்ச் அடித்து இறக்கைகளைப் பாருங்கள். ஓரம் உடைந்தோ வளைந்தோ இருந்தால் நட்டோ கல்லோ ஏதோ உள்ளே போயிருக்கிறது. ஓரங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தால் அது தூசியின் வேலை. அடுத்து நடு நட்டை விரலால் பிடித்துச் சுழற்றினால் உரசாமல், தடங்கல் இல்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் கொஞ்சம் ஆடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஷாஃப்ட் மிதப்பதே ஆயில் படலத்தின்மேல்தான். இன்ஜின் நின்று ஆயில் வடிந்த பின் அந்த இடைவெளி கைக்குத் தெரியும். ஆட்டும்போது இறக்கை சுவரைத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி. தொட்டால், அல்லது சுவரில் உரசிய வட்டக் கோடு இருந்தால், முடிந்தது. முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கும்போது கைக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருக்கவே கூடாது. "டக்" என்று உணர்ந்தால் த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது. லேசான விசில் எல்லா டர்போவிலும் உண்டு. அது நாளுக்கு நாள் கூடி ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கினால் பேரிங் கிளம்புகிறது. மிதிக்கும்போது நீலப்புகை வந்து, டர்போவுக்குப் பின்னால் சைலன்சர் பைப் உள்ளே ஆயில் ஈரமாக இருந்தால் டர்பைன் பக்கமும் கசிகிறது.

அந்த நிலை வந்துவிட்டது என்றால் வண்டியை ஓட்டாதீர்கள். டர்போ அதிகமாக ஆயில் அடிக்கும்போது இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக ரேஸ் ஏறும் ஆபத்து உண்டு. சாவியைத் திருப்பினாலும் ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது. டீசலை நிறுத்தினாலும் அது குடிப்பது ஆயிலைத்தானே. அப்படி ஆனால் ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, பெரிய கியரில் போட்டு கிளட்சை விட்டு இன்ஜினை இறக்க வேண்டும். முடியாவிட்டால் இறங்கி விலகிப் போய்விடுங்கள். காற்று வாயைக் கையால் பொத்த மட்டும் போகாதீர்கள்.

டர்போதான் என்று உறுதியானால், மாற்றும்போது செய்ய வேண்டியதில் பாதி டர்போவுக்கு வெளியே இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சாமான் அது, சில விநாடி ஆயில் இல்லாவிட்டாலே பேரிங் கருகும். அதனால் ஆயில் வரும் பைப்பைச் சுத்தம் செய்து போடாதீர்கள், புதிதாகவே போடுங்கள். உள்ளே காய்ந்து ஒட்டிய கரி கம்பி விட்டாலும் முழுசாக வராது. ஆயில் வாய் மூட்டில் சிலிகான் பேஸ்ட் தடவ விடாதீர்கள். பிதுங்கிய துணுக்கு ஒன்று போதும், வழி அடைக்க. வடிகுழாய், பிரீதர், ஹோஸ், இன்டர்கூலர் எல்லாவற்றையும் கழுவி, தேங்கிய ஆயிலையும் உடைந்த உலோகத் துகளையும் எடுத்துவிடுங்கள். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றும் புதுசு. ஆயில் பிரஷரை மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வதும் நல்லது. பைப்பை மாட்டும் முன் டர்போவின் ஆயில் ஓட்டையில் நல்ல ஆயிலை ஊற்றிக் கையால் சுழற்றிவிடுங்கள். பிறகு டீசல் போகாதபடி செய்து, பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் அடித்து, ஆயில் வந்து சேர்ந்ததும் ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐட்லிங்கில் மட்டும் விடுங்கள்.

கிட் போட்டு ரிப்பேர் செய்வதா, கோர் (ஷாஃப்ட், பேரிங், இறக்கைகள் சேர்ந்த நடுப்பகுதி) மாற்றுவதா, புதுசா என்று கேட்பீர்கள். பேலன்சிங் மெஷின் இல்லாத கடையில் கிட் போடுவது பணத்துக்குக் கேடு. வெளி உறைகள் நன்றாக இருந்தால் பேலன்ஸ் செய்து வரும் கோர் வாங்கிப் போடலாம், அதில் மிச்சமும் உண்டு. எது வாங்கினாலும் டர்போவின் தகட்டில் உள்ள நம்பரைப் பார்த்து வாங்குங்கள். "போலிரோவுக்கு" என்று மட்டும் கேட்டால் வேறு மாடலுடையது கைக்கு வரும். உங்கள் டிரைவரிடமும் ஒரு வார்த்தை: திம்பம் மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு உறுமு உறுமிவிட்டு ஆஃப் செய்யும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, டர்போ வேகம் குறைந்து கொஞ்சம் ஆறிய பின்தான் ஆஃப்.

உங்கள் வண்டிக்கு நான் செய்கிற வரிசை: ஏர் ஃபில்டர், ஹோஸ்களைக் கழுவி மாட்டுவது, ஆயில் மூடி சோதனை, அப்புறம் லோடில் பூஸ்ட் மீட்டர். ஷாஃப்டைத் தொடுவது அதற்குப் பிறகுதான். மூடி சோதனையில் புகை குபுகுபுவென்று வந்தால் டர்போவுக்கு வைத்திருக்கும் பணத்தை இன்ஜின் வேலைக்கு ஒதுக்குங்கள். ரிங் மாற்றி, பிரீதர் சுத்தமாகி, இரண்டு ஆயில் மாற்றம் ஆன பிறகும் டர்போ ஆயில் அடித்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.